நியான் டெட்ரா சாகிறது, பாசி பழுப்பாகிறது, கட்டையில் வெள்ளைச் சளி: உதவி வேண்டும்

தென்பெண்ணைக்காரன்
வணக்கம். புது மீன் தொட்டி வைத்திருக்கிறேன். பாசி (மாஸ் செடி), கட்டை எல்லாம் போட்டு நன்றாகத்தான் இருந்தது. இப்போது தண்ணீர் டீ நிறத்துக்கு வந்துவிட்டது. கட்டை மேல் வெள்ளையாகச் சளி படர்கிறது, பாசியும் பழுப்பாகிறது. நியான் டெட்ரா தினமும் ஒன்றாவது போகிறது. ஞாயிற்றுக்கிழமை ஏஞ்சல் மீன் ஒரு ஜோடியும், கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் சக்கர் மீன் ஒன்றும் வாங்கலாம் என்று இருந்தேன். என்ன மருந்து ஊற்றுவது? அவசரம்.

உப்புக்கல்
கல் உப்பு போடுங்கள். அயோடின் கலக்காதது. பத்து லிட்டருக்கு ஒரு ஸ்பூன். என் தொட்டியில் வருடக்கணக்காக இதைத் தவிர வேறு மருந்தே கிடையாது.

பாசிப்பித்தன்
உப்பு பாசிக்கு ஆகாது, போட்டுவிடாதீர்கள். லைட் என்ன, எத்தனை மணி நேரம் எரிகிறது? பாசி ஜாவாவா, கிறிஸ்துமஸா? கட்டையில் எப்படிக் கட்டினீர்கள்? என் கணிப்பு, வெளிச்சம் அதிகம், கார்பன் டை ஆக்சைடு இல்லை. சிலிண்டர் வைத்துப் பாருங்கள், பாசி எப்படி வருகிறது என்று.

அக்வா வாத்தியார்
தொட்டி எத்தனை அடி, தண்ணீர் எது, நிரப்பி எத்தனை நாள், மொத்தம் எத்தனை மீன், ஃபில்டர் என்ன? இதில் ஒன்றுகூடக் கேள்வியில் இல்லை. ஜோசியம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் பதில் சொல்லட்டும். புதுத் தொட்டி பற்றி நான் எழுதிய பதிவு மேலேயே ஒட்டியிருக்கிறது. அதைப் படித்துவிட்டு யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

ஓசூர் கப்பி
ஹீட்டர் இருக்கிறதா? நியான் குளிர் தாங்காது. டிசம்பர், ஜனவரியில் இங்கே ஹீட்டர் இல்லாமல் நியான் வைத்தால் அவ்வளவுதான்.

தென்பெண்ணைக்காரன்
இரண்டு அடி தொட்டி. வீட்டுத் தண்ணீர்தான். லைட் சாதாரண எல்இடி, காலையில் போட்டால் தூங்கும்போது அணைப்போம். பாசி ஜாவா, நூலில் சுற்றியிருக்கிறேன். நியான் 10 வாங்கினேன், 4 இருக்கிறது. கோல்டு ஃபிஷ் இரண்டும் நன்றாகத்தான் சுற்றுகின்றன.

சின்னாறு
கோல்டு ஃபிஷ்ஷா? அது முதல் பதிவில் இல்லையே. வீட்டுத் தண்ணீர் என்றால் போரா, ஒகேனக்கல் குழாயா? எந்த ஊர் நீங்கள்?

தென்பெண்ணைக்காரன்
காவேரிப்பட்டணம். போர். ஒகேனக்கல் தண்ணீரைக் குடிக்க மட்டும் பிடித்து வைப்போம். தொட்டியை வாரம் ஒரு தடவை முழுசாகக் காலி செய்து, ஃபில்டரையும் கல்லையும் நன்றாகக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றுகிறேன். சுத்தத்தில் குறையே இல்லை.

கொளத்தூர் ரிட்டர்ன்
போர் தண்ணீர் என்றால் ஃபுளோரைடுதான் காரணம். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் இது தெரிந்த கதைதானே.

சின்னாறு
ஃபுளோரைடு நம் பல்லுக்கும் எலும்புக்கும்தான் வினை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்தது. ஆனால் இங்கே போரில் இருக்கும் அளவுக்கு ஃபுளோரைடால் நியான் தினம் ஒன்றாகச் சாகாது. காரணம் வேறு.

அண்ணா, மருந்து எதுவும் ஊற்றாதீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

தண்ணீர் டீ நிறமாவது கட்டையிலிருந்து இறங்கும் டானின். மீனுக்குக் கெடுதல் இல்லை. வெள்ளைச் சளி, புதுக் கட்டையில் மிச்சமிருக்கும் சர்க்கரையைத் தின்று வளரும் பூஞ்சையும் பாக்டீரியாவும். பழைய பல் துலக்கியால் தேய்த்துவிடுங்கள், சில வாரத்தில் தானே அடங்கும். இந்த இரண்டும் மீனைக் கொல்வதில்லை.

கொல்வது அம்மோனியா. மீன் கழிவிலிருந்து வருகிறது. அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கல்லிலும்தான் குடியிருக்கும். புதுத் தொட்டியில் அது நிலைக்க நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். நீங்கள் வாராவாரம் கழுவினால் அது குடியேறவே முடியாது. அதற்கு மேல் நம் போர் தண்ணீரின் பிஎச், அதாவது அமிலமா காரமா என்று காட்டும் அளவு. 7-இல் இருக்கும் தண்ணீரில் மொத்த அம்மோனியாவில் விஷமாக இருப்பது ஒரு சதவீதம்கூடக் கிடையாது. 8-க்குப் போனால் கிட்டத்தட்ட பத்து மடங்கு. அதே கழிவுதான், அதே மீன்தான். மென்மையான தண்ணீர் உள்ள ஊரில் தப்பிக்கும் தொட்டி நம் ஊரில் தப்பிக்காது.

கோல்டு ஃபிஷ் இரண்டும் கழிவு தள்ளுவதில் பேர்போனவை. பாசியையும் பிய்த்துத் தின்னும். நியான் அமேசான் பக்கத்து மென்மையான தண்ணீர் மீன், இதில் முதலில் விழுவது அதுவாகத்தான் இருக்கும்.

அக்வா வாத்தியார்
இதையேதான் ஒட்டிய பதிவில் எழுதியிருக்கிறேன். பிஎச் விஷயம் மட்டும் கூடுதல். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஸ்பாஞ்சைக் கழுவுவதென்றால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள், குழாயடியில் வேண்டாம். வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றினால் போதும். இப்போது மீன் செத்துக்கொண்டிருப்பதால் சில நாளைக்குத் தினமும் கால் பங்கு மாற்றுங்கள், கல்லையும் ஃபில்டரையும் தொடாமல். தீனியைப் பாதியாகக் குறையுங்கள்.

பாசிப்பித்தன்
லைட்டை ஆறிலிருந்து எட்டு மணி நேரத்துக்குக் குறையுங்கள். இப்போது பாசிக்குச் சமமாக ஆல்காவையும் வளர்க்கிறீர்கள். நூலில் கெட்டியாகச் சுற்றியிருந்தால் அடியில் இருக்கும் பாசி வெளிச்சம் படாமல் பழுத்துவிடும். பிரித்து, அடியில் கட்டை தெரியும் அளவுக்கு மெல்லிசாகப் பரப்பி மறுபடி கட்டுங்கள். ஃபெவிக்விக் சொட்டு வைத்தும் ஒட்டலாம், தண்ணீரில் இறுகிய பின் மீனை ஒன்றும் செய்யாது. சிலிண்டர் வைத்தால் இன்னும்...

அக்வா வாத்தியார்
ஜாவா பாசிக்குச் சிலிண்டரா!

பாசிப்பித்தன்
உங்கள் தொட்டியில் பாசி எப்படி இருக்கிறது என்று போட்டோ போடுங்கள் சார், அப்புறம் பேசலாம்.

கொளத்தூர் ரிட்டர்ன்
கட்டை எங்கே வாங்கினது? அதை யாரும் கேட்கவில்லையே.

தென்பெண்ணைக்காரன்
வாங்கவில்லை. மாமா தோப்பில் வெட்டிப்போட்ட பழைய மாங்கிளை. பெங்களூரா மரம். நல்ல வளைவு இருந்தது, பட்டையோடு அப்படியே வைத்தேன்.

சின்னாறு
அப்படியானால் கட்டையை இன்றைக்கே எடுங்கள். மாமரம் தண்ணீரில் சீக்கிரம் உளுத்துப்போகும். அதைவிடப் பெரிய சந்தேகம் மருந்து. பூ எடுக்கும் காலத்தில் தத்துப்பூச்சிக்கு அடிக்காத தோப்பு நம் பக்கம் எங்கே இருக்கிறது? சைபர்மெத்ரின், லாம்டா சைஹாலோத்ரின் வகையறா மீனுக்குக் கொடிய விஷம், இறாலுக்கு அதைவிட மோசம். பட்டையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. உங்கள் நியான் அம்மோனியாவில் போனதா, மருந்தில் போனதா என்று இங்கிருந்து சொல்லவும் முடியாது. ஆனால் இரண்டையும் ஒரே நாளில் நிறுத்தலாமே.

கொளத்தூர் ரிட்டர்ன்
கடையில் மலேசியக் கட்டை கிடைக்கும். கனமானது, பெரும்பாலும் தானே மூழ்கும். வேகவைத்து, சில நாள் ஊறவைத்துப் போட்டால் டீ நிறமும் குறையும். சிலந்திக் கட்டை அழகாக இருக்கும், ஆனால் மிதக்கும், கல் கட்ட வேண்டும்.

உப்புக்கல்
எதற்குக் காசு? ஒகேனக்கல் பக்கம் போனால் ஆற்றோரம் வெள்ளத்தில் அடித்து வந்த கட்டை கொட்டிக் கிடக்கிறது. பைக்கில் கட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

ஓசூர் கப்பி
வந்துவிடலாம், செக்போஸ்ட் வரைக்கும். பென்னாகரம், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காட்டில் கணிசமான பகுதியை 2014-லேயே காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் என்று அறிவித்துவிட்டார்கள். அதற்குள்ளிருந்து அனுமதி இல்லாமல் எதை எடுத்தாலும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காய்ந்த கட்டையும் சேர்த்துத்தான்.

உப்புக்கல்
ஆற்றில் மிதந்து வருவது யாருக்குச் சொந்தம்? அது கர்நாடகாவிலிருந்து வந்த கட்டை.

ஓசூர் கப்பி
அதை வனவரிடம் சொல்லிப் பாருங்கள் அண்ணா.

உப்புக்கல்
நீங்கள் முதலில் ஹீட்டர் கதைக்குப் பதில் சொல்லுங்கள். காவேரிப்பட்டணத்துக்கு ஹீட்டராம்! ஏப்ரலில் என் தொட்டியில் தெர்மாமீட்டர் 32 காட்டுகிறது. இங்கே வேண்டியது மின்விசிறி.

ஓசூர் கப்பி
நான் எங்கள் ஊரைச் சொன்னேன். மலை மேல் இருப்பவனுக்கு மலைக்குளிர்.

சின்னாறு
மின்விசிறி சரிதான், தண்ணீர் மேல் காற்று பட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் அவ்வளவும் ஆவியாதலால்தான். குறைந்த தண்ணீருக்குப் பதில் போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டு போனால் உப்பு உள்ளேயே தங்கி, டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு) ஏறிக்கொண்டே போகும். ஈடு செய்ய ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள்.

மீன் பற்றி அவர் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. ஏஞ்சல் வேண்டாம். பெரிதானால் நியானை விழுங்கிவிடும், இரண்டடித் தொட்டி அதற்குச் சின்னதும்கூட. கடையில் சக்கர் என்று தருவது ஒரு அடிக்கு மேல் வளரும். உங்கள் தொட்டி அகலமும் உயரமும் ஒரு அடி என்றால் 56 லிட்டர்தான் பிடிக்கும், கல் மண் போக இன்னும் குறைவு. கடினத் தண்ணீரை மாற்றப் போராடுவதை விட, அதில் வாழும் மீனை வைப்பது நல்லது: கப்பி, பிளாட்டி, மாலி. மூன்றும் இந்தத் தண்ணீரில் குட்டி போடும், பாசிக்குள் குட்டிகள் ஒளிந்துகொள்ளும். நியான்தான் வேண்டும் என்றால் ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கி, போரையும் ஆர்ஓவையும் கலக்க வேண்டும். போர் 1100, ஆர்ஓ 50 என்று வைத்தால் பாதிக்குப் பாதியில் 575 வரும். நியானுக்கு அதுவும் அதிகம். ஒவ்வொரு வாரமும் கேன் தூக்க முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒகேனக்கல் தண்ணீரும் கலக்கலாம். குளோரின் இருக்கும், ஆன்டி குளோரின் சொட்டு விட்டபின் ஊற்றுங்கள்.

அக்வா வாத்தியார்
கல்லையும் ஒரு பார்வை பாருங்கள். வெள்ளை நிறத்தில் சொரசொரப்பாக இருந்தால் சுக்கான்கல், அது கடினத்தை இன்னும் ஏற்றும். வினிகர் விட்டால் நுரைக்கும். நம் ஊர் கருங்கல் ஒன்றும் செய்யாது, அதையே போடலாம்.

தென்பெண்ணைக்காரன்
கட்டையை எடுத்தாச்சு. கல் நுரைத்தது, அதையும் எடுத்தாச்சு. கோல்டு ஃபிஷ் அக்கா வீட்டுப் பெரிய தொட்டிக்குப் போய்விட்டது. நியான் 3. இரண்டு நாளாக எதுவும் சாகவில்லை. நன்றி.

கொளத்தூர் ரிட்டர்ன்
டிடிஎஸ் பார்த்தீர்களா? எவ்வளவு?

பாசிப்பித்தன்
பாசியை மெல்லிசாகக் கட்டினீர்களா? போட்டோ போடுங்கள்.

சின்னாறு
தண்ணீர் மாற்றும்போது அம்மோனியா டெஸ்ட் கிட்டில் ஒரு தடவை பாருங்கள், பூஜ்யத்தில் நிற்கும் வரை புது மீன் எதுவும் இறக்க வேண்டாம். கப்பியைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். என் தொட்டியில் அள்ளிக் கொடுக்கும் அளவுக்குக் குட்டி இருக்கிறது, எல்லாம் போர் தண்ணீரிலேயே பிறந்தவை. பாலக்கோடு பக்கம் வந்தால் சொல்லுங்கள், மூடி போட்ட வாளி ஒன்று எடுத்து வாருங்கள்.