ஒண்டிக்கு ஒண்டி டிஃபென்ஸ்: முதல் ஸ்டெப்லயே தாண்டிப் போயிடறாங்க, எங்கிருந்து சரி பண்றது?

ஆறாவது ஆள்:
பேஸ்கட்பால்ல கார்டா (பாலை முன்னாடி கொண்டுபோற ஆளா) ஆடறேன். பாஸிங், ஷூட்டிங் ஓரளவு பரவாயில்ல, டிஃபென்ஸ்தான் உதைக்குது. பால் வெச்சிருக்கறவர் எதிர்ல நிக்கற வரைக்கும் பிரச்சினை இல்ல. முதல் டிரிப்பிள் (பாலைத் தரையில தட்டறது) போட்டதுமே அவர் தோள் என்னைத் தாண்டிடுது, நான் கையை நீட்டறேன், விசில் விழுது. பாதி ஆட்டம் முடியறதுக்குள்ள ஃபவுல் ஏறிடுது. நம்ம டீம் ஆளுக்கு ஹெல்ப் கொடுத்துட்டு மூலையில நிக்கற ஷூட்டரைப் பிடிக்க ஓடினாலும் ஒரு ஃபேக்ல (ஷாட் போடற மாதிரி ஏமாத்தறதுல) எகிறிடறேன். டீம் பிராக்டிஸ் போக ஒரு மணி நேரம் கிடைக்கும், கூட ஒரு நண்பரும் வருவார். ஸ்லைடு (பக்கவாட்டுல சறுக்கி நகர்றது) மட்டும் போட்டா போதுமா, வேற என்ன பண்ணணும்?

பேஸ்லைன்:
கால் பின்தங்கினாத்தான் கை முன்னாடி போகும். அதனால கையைப் பத்தி இப்போ யோசிக்காதீங்க, கால்ல இருந்து ஆரம்பிங்க.

முதல்ல ஸ்டான்ஸ், அதாவது நிக்கற நிலை. பாதங்கள் தோள்பட்டையை விட ஒரு சாண் அகலமா இருக்கட்டும். முழங்காலை மடக்கினா மட்டும் போதாது, ஸ்டூல்ல உட்காரப் போற மாதிரி இடுப்பைப் பின்னால தள்ளி இறக்கணும். முதுகு கூன் போடக் கூடாது, தலை ரெண்டு பாதத்துக்கும் நடுவுல நிக்கணும். எடை பாதத்தோட முன்பாதியில, குதிகால் தரையைத் தொட்டும் தொடாம. சரியா நிக்கறீங்களான்னு பார்க்க நண்பரை விட்டு நெஞ்சுல லேசா ஒரு தள்ளு தள்ளச் சொல்லுங்க. உடனே ஒரு கால் பின்னாடி போனா எடை குதிகால்ல இருக்குன்னு அர்த்தம்.

தொடை எரிய ஆரம்பிச்சதும் தெரியாமலே நிமிர்ந்துடுவோம். நிமிர்ந்து நிக்கறவர் நகரணும்னா முதல்ல இறங்கணும், அப்புறம்தான் தரையைத் தள்ள முடியும். அவர் உங்களைத் தாண்டறது அந்த இறங்கற நேரத்துலதான். நீங்க சொல்ற 'முதல் ஸ்டெப்' பிரச்சினைல பெரும்பாதி இதுதான்னு நினைக்கறேன். யாரையாவது ஃபோன்ல பக்கவாட்டுல இருந்து வீடியோ எடுக்கச் சொல்லி, அவர் முதல் டிரிப்பிள் போடற நொடியில உங்க தலை கீழே இறங்குதான்னு மட்டும் பாருங்க. இறங்கினா அதுக்கு முன்னாடி நிமிர்ந்து நின்னிருக்கீங்க.

அடுத்து ஸ்லைடு. வலது பக்கம் போகணும்னா இடது கால்தான் தள்ளணும். வலது காலை எட்டி வெச்சு உடம்பை அது பின்னாடி இழுக்கறதுதான் எல்லாரும் பண்ற தப்பு, அதுல வேகமே வராது. இடது பாதத்தோட உள்விளிம்பு தரையைத் தள்ளணும், வலது பாதம் தரையை ஒட்டியே போகணும். பின்னாடி வர்ற கால் தோள் அகலத்தோட நின்னுடணும். ரெண்டு குதிகாலும் ஒட்டிக்கிட்ட நேரத்துல அவர் திசை மாத்தினா உங்ககிட்ட தள்ளறதுக்குக் கால் இல்ல. தலை ஒரே மட்டத்துல போகட்டும். துள்ளித் துள்ளிப் போனா தள்ளற பலமெல்லாம் மேல்பக்கம் போயிடும். போற பக்கத்துக் காலோட விரல்களை லேசா அந்தத் திசைக்குத் திருப்பலாம். நேராத்தான் வெக்கணும்னு சொல்றவங்களும் இருக்காங்க, ஆனா திருப்பினா இடுப்பு தடையில்லாம நகருது, ஓட்டத்துக்கு மாறறதும் சுலபம்.

இடைவெளி: கையை நீட்டினா விரல் நுனி அவர் வயித்தைத் தொடற தூரம். உங்களை விட வேகமானவர், வெளியில இருந்து போடாதவர்னா இன்னும் ஒரு அடி விடுங்க. டிரிப்பிளை நிறுத்திப் பாலைப் பிடிச்சுட்டாரா, நெருங்கிப் போய் ரெண்டு கையாலயும் பால் போற இடமெல்லாம் மறைங்க. ஃபீபா (சர்வதேச பேஸ்கட்பால் சம்மேளனம்) விதிப்படி 1 மீட்டருக்குள்ள நின்னு கையை வெச்சு மறைச்சா, அவர் 5 விநாடிக்குள்ள பாஸ், ஷாட் இல்லேன்னா டிரிப்பிள் பண்ணணும். டிரிப்பிள் முடிஞ்சு போனவருக்கு மூணாவது வழியும் கிடையாது. பார்வை அவர் இடுப்புல, ஜெர்சியோட கீழ்ப்பகுதில இருக்கட்டும். கண்ணும் பாலும் தோளும் ஏமாத்தும், இடுப்பு ஏமாத்தறது கஷ்டம்.

இடதுகை கார்டு:
பேஸ்லைன் சொன்ன ஸ்லைடு சரி, ஆனா அது ரெண்டு மூணு ஸ்டெப்புக்குத்தான் தாங்கும். முழு வேகத்துல டிரிப்பிள் பண்ணிட்டு வர்றவரை ஸ்லைடுலயே பிடிக்க முடியாது. 'காலைக் குறுக்கே வெக்காதே'ன்னு சொல்லிச் சொல்லியே பலருக்கு ஓடறதே மறந்துடுது. அவர் தோள் உங்க நெஞ்சைத் தாண்டிடுச்சுன்னா இடுப்பைத் திருப்பி ரெண்டு மூணு ஸ்டெப் ஓடுங்க. நீங்க அவரோட பக்கவாட்டை நோக்கி ஓடினா காலம் பூரா பின்னாடியேதான் இருப்பீங்க. அவருக்கும் ரிங்குக்கும் நடுவுல, அவர் அடுத்து வரப்போற இடத்தைக் குறி வெச்சு ஓடுங்க. அங்க போய் நெஞ்சை முன்னாடி கொண்டுவந்துட்டு மறுபடி ஸ்லைடுக்கு மாறுங்க. ஸ்லைடு, ஓட்டம், ஸ்லைடு, இந்த மாற்றத்தைத் தனியாவே பழகணும்.

இன்னொண்ணு. நேருக்கு நேர் சதுரமா நின்னா அவருக்கு ரெண்டு பக்கமும் வழி திறந்திருக்கு. ஒரு பக்கத்தை நீங்களே அடைச்சுடுங்க. வலதுகைக்காரர்னா அவருடைய வலது தோளுக்கு நேரா உங்க மூக்கு வர்ற மாதிரி பாதி உடம்பு நகர்ந்து நில்லுங்க. உங்க இடது கால் கொஞ்சம் முன்னாடி, வலது கால் பின்னாடி. அவர் இடது கைக்கு மாறிப் போனா உங்க வலது கால் ஏற்கெனவே பின்னாடி இருக்கறதால தடையில்லாம சறுக்கிடலாம். முன்கால் எவ்வளவு முன்னாடின்னா, அதோட குதிகால் பின்காலோட விரலுக்கு நேரா வந்தா போதும். அதுக்கு மேல போனா நல்ல ஆட்டக்காரர் முன்கால் பக்கமாவே வந்து உடைப்பார்.

அப்படி வந்தா ட்ராப் ஸ்டெப். பின்காலை அச்சா வெச்சு முன்காலைப் பின்னால வீசணும், அதே பக்க முழங்கையையும் சேர்த்துப் பின்னால இழுத்தா இடுப்பு தானா திரும்பும். கால் வந்து விழற இடம் அவர் போற பாதைக்குக் குறுக்கே இருக்கணும். நேர் பின்னாடி வெச்சா வழி விட்ட மாதிரி ஆயிடும். இந்த ஒண்ணு வந்துட்டா கை நீட்டற பழக்கம் பாதி குறையும்.

சைடுலைன் பக்கம் தள்ளறதா, நடுவுக்கு விடறதாங்கறது உங்க கோச் வெச்சிருக்கற திட்டம். ஹெல்ப் எந்தப் பக்கம் நிக்குதோ அந்தப் பக்கம்தான் தள்ளணும், அதனால அவர்கிட்ட கேட்டுக்கங்க. தனிப்பட்ட முறைல சைடுலைன்தான் எனக்குப் பிடிக்கும். நடுவுல விட்டா ரெண்டு பக்கமும் பாஸ் திறந்துடும்.

விசில்:
ஃபவுல் பக்கத்தைச் சொல்றேன். ஃபீபா விதிகளை வெச்சுச் சொல்றேன், உள்ளூர்ப் போட்டிகள்லயும் பெரும்பாலும் இதுதான்.

எதிராளியைப் பார்த்து, ரெண்டு பாதமும் தரையில வெச்சு நின்னுட்டீங்கன்னா அது சட்டப்படியான தடுப்பு நிலை. அதுக்கப்புறம் பக்கவாட்டுலயும் பின்னாலயும் நகரலாம், ஒரு கால் தரையில இல்லாட்டியும் பரவாயில்ல. அசையாம நின்னாத்தான் சார்ஜ் (பாலோட வந்து மோதினவர் மேல ஃபவுல்) கிடைக்கும்னு ஒரு நம்பிக்கை இருக்கு, அது தப்பு. அவர் மேல முன்னோக்கிப் பாயறதுதான் கூடாது. நெஞ்சுல மோதினா பெரும்பாலும் அவர் ஃபவுல். உங்க தோளோ இடுப்போ பக்கவாட்டுல இடிச்சா நீங்க லேட்டா வந்தீங்கன்னு அர்த்தம். தரையை விட்டு எழும்பினவருக்கு அடியில போய் நின்னா அது எப்பவுமே உங்க ஃபவுல். ரிங்குக்குக் கீழ 1.25 மீட்டர் அரைவட்டத்துக்குள்ள நின்னு சார்ஜ் வாங்க முயற்சி பண்ணாதீங்க, எழும்பி உள்ள வர்றவரோட மோதினா ரெஃப்ரீங்க நாங்க பொதுவா சார்ஜ் கொடுக்க மாட்டோம்.

கைக்கு வருவோம். முழங்கை மடங்கி, முன்கையும் உள்ளங்கையும் உயர்ந்து, உங்க பாதத்துக்கும் முழங்காலுக்கும் மேல இருக்கற எல்லைக்குள்ள கை இருந்தா உங்க இடம் உங்களுக்கு. அவர் இடுப்புல கையை வெச்சே இருந்தாலோ, திரும்பத் திரும்பத் தொட்டாலோ விசில் வரும். பாலைத் தட்டணும்னா மேலிருந்து வெட்டாதீங்க. வெட்டற கை மணிக்கட்டுலதான் விழும், சத்தமும் கேட்கும், ரெஃப்ரீக்குத் தப்பாமத் தெரியும். பால் தரையில பட்டு மேல வரும்போது, அதுக்குப் பக்கத்துல இருக்கற கையால கீழிருந்து மேல் தட்டுங்க. ஒரு தட்டுதான், கிடைக்கலேன்னா கையை எடுத்துட்டுக் காலை நகர்த்துங்க.

5 ஃபவுல்ல வெளிய போகணும் (என்.பி.ஏ.ல 6). டீமுக்கு ஒரு குவார்ட்டர்ல 4 ஃபவுல் ஆயிட்டா, அடுத்ததுல இருந்து ஷாட் போடாதப்ப தொட்டாலும் 2 ஃப்ரீ த்ரோ. அதனால குவார்ட்டர் கடைசில பாலைத் தட்டற ஆசையை அடக்கணும். ஷூட்டரோட கண்ணுக்கு முன்னாடி கையை ஆட்டி மறைச்சா டெக்னிக்கல் ஃபவுல் வரலாம், அதையும் ஞாபகம் வெச்சுக்கங்க.

ஆறாவது ஆள்:
மூணு பேருக்கும் நன்றி. ட்ராப் ஸ்டெப் பத்தி யாரும் இவ்வளவு விளக்கமா சொன்னதில்ல. ஷூட்டரைப் பிடிக்க ஓடற விஷயத்தையும், அந்த ஒரு மணி நேரத்தை எப்படிப் பிரிக்கறதுன்னும் சொல்ல முடியுமா?

பேஸ்லைன்:
ஃபேக்ல எகிறறதுக்குக் காரணம் கடைசி ஸ்டெப்ல வேகம் குறையாததுதான். வேகம் குறையாததுக்குக் காரணம் லேட்டா கிளம்பினது. பாஸ் கொடுக்கறவர் கையை விட்டுப் பால் கிளம்பினதுமே நீங்களும் கிளம்பணும். ஷூட்டர் பிடிக்கறதைப் பார்த்துட்டு ஓடினா பறந்துதான் போகணும்.

தூரத்துல முதல் மூணுல ரெண்டு பங்கு முழு ஓட்டம். மிச்சத்துல, அதாவது கடைசி ஒன்றரை ரெண்டு மீட்டர்ல, சின்னச் சின்ன ஸ்டெப்பா வேகமாத் தட்டி இடுப்பை இறக்குங்க. நெஞ்சு முன்னாடி சாயக் கூடாது. சாஞ்சு வந்தா ஒரே டிரிப்பிள்ல தாண்டிடுவார். வலதுகை ஷூட்டர்னா உங்க இடது கை பாலுக்கு நேரா உயரட்டும், இன்னொரு கை பாஸ் பாதையில. அவர் பாதம் தரையை விட்ட பிறகுதான் நீங்க எழும்பணும், நேர் மேல எழும்பி அதே இடத்துல இறங்கணும். அவர் கால் இறங்கற இடத்துல உங்க பாதம் போனா ஃபவுல் மட்டுமில்ல, அவர் கணுக்கால் பிசகிடும். இந்த ஒரு விஷயத்துல ரொம்பக் கண்டிப்பா இருங்க. போடத் தெரியாதவர்னா கைதூரத்துக்கு முன்னாடியே நின்னுடலாம்.

ஒரு மணி நேரம்: உடம்பு சூடானதும் முதல்ல கீக்குள்ள (ரிங்குக்கு முன்னாடி இருக்கற செவ்வகக் கட்டம்) ஸ்லைடு. அதோட அகலம் 4.9 மீட்டர், ஒரு கோட்டுல இருந்து மறு கோட்டுக்கு 20 விநாடி, 40 விநாடி ஓய்வு, 6 தடவை. தலை ஆட ஆரம்பிச்சா நிறுத்திடுங்க, சோர்ந்து போய்த் தப்பாப் பழகறதுல லாபமில்ல. அப்புறம் பேஸ்லைன்ல (ரிங்குக்குப் பின்னாடி இருக்கற எல்லைக்கோடு) இருந்து நடுக்கோடு வரைக்கும் ஜிக்ஜாக். நண்பர் முக்கால் வேகத்துல டிரிப்பிள் பண்ணட்டும், நீங்க கையைப் பின்னால கட்டிக்கிட்டுக் காலால மட்டும் முன்னாடி நில்லுங்க. ட்ராப் ஸ்டெப்பும் ஓட்டமும் இதுலதான் பழகும், அதனால இதுக்கு 15 நிமிஷம் கொடுங்க. அடுத்து ரிங்குக்குக் கீழ இருந்து நீங்களே நண்பருக்குப் பாஸ் கொடுத்துட்டு அவரை நோக்கி ஓடுங்க, அவர் 6.75 மீட்டர் கோட்டுல (மூணு பாயிண்ட் கோடு) நிக்கட்டும். அவருக்கு அதிகபட்சம் 3 டிரிப்பிள், ஷாட், ஃபேக், ட்ரைவ் (ரிங்கை நோக்கிப் பாலோட பாயறது) எதுவானாலும். ஷாட் போனதும் பாலைப் பார்த்துட்டு நிக்காம திரும்பி அவரை முதுகால மறிச்சு ரீபவுண்ட் எடுக்கற வரைக்கும் அந்த முறை முடியல.

இடதுகை கார்டு:
அதுல ஒரே ஒரு மாற்றம் சொல்றேன். முதல் வாரங்கள்ல நண்பருக்கு 2 டிரிப்பிள் மட்டும் கொடுங்க, அவர் எந்தப் பக்கம் போகணும்னும் நீங்களே முன்கூட்டிச் சொல்லிடுங்க. பக்கம் தெரிஞ்சும் முன்னாடி நிக்க முடியலேன்னா ஸ்டான்ஸுக்கே திரும்புங்க. நிக்க முடிஞ்சா அடுத்த வாரம் அவரையே பக்கத்தைத் தேர்ந்தெடுக்க விடுங்க, அதுக்கப்புறம் 3 டிரிப்பிள்.