முதியோர் பராமரிப்பு: தனிப் பாடமா, எல்லாப் பாடத்திலும் ஒரு துண்டா?

இரவுக்கடமை:
கொழும்பில் மருத்துவ வார்ட்டில் இருபது வருடமாகத் தாதியாக இருக்கிறேன். போன வாரம், பயிற்சிக்கு வந்த தாதியர் பட்டப்படிப்புப் பிள்ளை ஒருத்தி 78 வயது அம்மா ஒருவரின் குறிப்பில் 'மறதி நோய்' என்று எழுதிவிட்டாள். முந்தின நாள் வரை வீட்டில் சமைத்த மனுஷி அவர். காய்ச்சல் இல்லை, நோகிறது என்றும் சொல்லவில்லை. காலையிலிருந்து மாறாட்டமாகப் பேசினார், அவ்வளவுதான். பார்த்தால் சிறுநீரில் கிருமித்தொற்று. மருந்து தொடங்கி மூன்றாம் நாள் பேரனைப் பெயர் சொல்லிக் கேட்டார். இதுதான் டெலிரியம், அதாவது திடீரென்று வரும் மனக்குழப்பம். வயதானவர்களில் தொற்று பல நேரம் இப்படித்தான் தலைகாட்டும். பிள்ளையைக் குறை சொல்லமாட்டேன். குழந்தைகளுக்குத் தனிப் பாடம், மகப்பேற்றுக்குத் தனிப் பாடம். முதியவர்களுக்கு அவளுடைய கொப்பியில் ஒன்றரைப் பக்கம். 2012 குடிசன மதிப்பீட்டிலேயே 60 வயதும் அதற்கு மேலும் 12.4 வீதம். தனிப் பாடம் வேண்டும்.

சுண்ணக்கட்டி:
வேண்டாம் சிஸ்டர். நான் படிப்பிக்கிறவன், அதனால் சொல்கிறேன். தனிப் பாடமாக்கினால் இரண்டாம் வருடம் பரீட்சை எழுதிவிட்டு மறந்துவிடுவார்கள். சத்திரசிகிச்சைப் பாடம் எடுப்பவர் 'அது என் வேலையில்லை' என்று இடுப்பெலும்பு முறிவில் எலும்பை மட்டும் சொல்லுவார். மருந்தியலில் சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அளவு குறைப்பதை யார் சொல்வது? முதியவர் எல்லா வார்ட்டிலும் இருக்கிறார். பாடமும் எல்லா இடத்திலும் இருக்கட்டும்.

இரவுக்கடமை:
எல்லோருக்கும் பொதுவான முற்றத்தை யார் கூட்டுகிறார்கள்? 'எல்லாப் பாடத்திலும்' என்றால் எந்தப் பரீட்சையிலும் கேள்வி வராது. கேள்வி வராததைப் பிள்ளைகள் படிக்கவும் மாட்டார்கள்.

டிக்கெட்எடுத்தவன்:
படித்து முடித்தால் பாதிப் பேர் வெளிநாடு. அங்கேயும் பார்க்கப்போவது வயதானவர்களைத்தான். எந்தப் பெயரிலாவது படிப்பியுங்கள் ஐயா.

நாலாம்வருடம்:
நீங்கள் இரண்டு பேரும் பெயர்ப்பலகைக்குச் சண்டை பிடிக்கிறீர்கள். எங்களை முதல் வருடத்திலேயே ஒரு முதியோர் இல்லத்துக்கு இரண்டு வாரம் அனுப்பினார்கள். கழுவு, பம்பர்ஸ் மாற்று, ஊட்டு. ஏன், எதைக் கவனிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. திரும்பி வந்ததும் எங்கள் பட்ச்சில் அரைவாசிப் பேர் 'இனி அந்தப் பக்கமே வேண்டாம்' என்றார்கள். முதல் சந்திப்பு அப்படி அமைந்தால் எந்தப் பாடம் வைத்தும் பயனில்லை. காலிமுகத்திடலில் விடியக் காலை நடக்கிற எண்பது வயது ஐயாவிடம் முதலில் அனுப்பியிருக்கலாமே. மூன்று டொக்டர்கள் எழுதிய ஒன்பது குளிசையை அவர் எப்படிக் கணக்கு வைக்கிறார் என்று கேட்டாலே ஒரு பாடம்.

சுண்ணக்கட்டி:
இதை ஒத்துக்கொள்கிறேன் தங்கச்சி. ஆனால் கழுவுவது கீழான வேலை இல்லை. ஒருவர் அன்றாட வேலைகளைத் தானே செய்கிறாரா என்று கணிக்கும் காட்ஸ் அட்டவணை 1963 இலிருந்து இருக்கிறது. ஆறே விஷயம்: குளிப்பு, உடை, கழிப்பறை, கட்டிலிலிருந்து எழும்புதல், மலசலத்தை அடக்குதல், சாப்பாடு. குளிப்பாட்டிக்கொண்டே பாதியைக் கணித்துவிடலாம்.

இரவுக்கடமை:
குளிப்பாட்டும்போது குதிகாலையும் நாரிக்குக் கீழேயும் பார்க்கவும் வேண்டும். அழுத்தினாலும் மறையாத சிவப்புத்தான் படுக்கைப்புண்ணின் தொடக்கம் என்கின்றன புத்தகங்கள். எங்கள் நிறத்தில் அந்தச் சிவப்பு எங்கே தெரியும்? தொட்டுப் பார்க்க வேண்டும்: சூடா, இறுகியிருக்கிறதா என்று. இதைச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். ஓர் ஆள், ஒரு பாடம்.

கொட்டாஞ்சேனைமகன்:
நான் தாதி இல்லை, ஒரு நோயாளியின் மகன். அம்மா நாற்பது வருடம் புறக்கோட்டையில் கடை வைத்து, சிங்களத்தில் பேரம் பேசியவர். மறதி நோய் வந்தபிறகு சிங்களம் முழுக்கப் போய்விட்டது, தமிழ் மட்டும்தான் மிச்சம். வார்ட்டில் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதியிருந்தார்கள். உண்மையில் அவருக்கு ஒண்டுக்கு வந்திருந்தது. இது உங்கள் எந்தப் பாடத்தில் வரும்?

சுண்ணக்கட்டி:
மனம் நொந்துபோனேன் தம்பி. பிந்திப் படித்த மொழி முந்திப் போவது இந்த நோயில் பலரிடம் காண்பதுதான். தொடர்பாடல் பாடத்தில் இதைச் சேர்க்கலாம்.

இரவுக்கடமை:
பார்த்தீர்களா, இதையும் வேறொரு பாடத்தின் தலையில் கட்டிவிட்டீர்கள். தம்பி, 'எங்கே நோகுது?', 'ஒண்டுக்குப் போகவேணுமா?', 'தண்ணி வேணுமா?' என்று பத்து வசனத்தைச் சிங்கள எழுத்தில் எழுதி அம்மாவின் கட்டில் தலைமாட்டில் ஒட்டிவிடுங்கள். பாடம் வருகிறபோது வரட்டும்.