முதலில் பேச்சு, பிறகு தாள், கடைசியில்தான் படமும் இடமும்

வாய்மொழி வரலாறு பதிவு செய்பவர்:

தனுஷ்கோடியில் வாழ்ந்த பெரியவரிடம் ஊரையே புயல் அழித்த 1964 டிசம்பர் 22 இரவைப் பற்றிக் கேட்கப் போகிறவர்கள், எடுத்த எடுப்பிலேயே அவரை அந்த மணலுக்கு அழைத்துப் போய்விடுகிறார்கள். நல்ல எண்ணம்தான், வரிசைதான் தவறு. இன்று அங்கே கண்ணில் படுவது மாதா கோயிலின் சுவரும் ரயில் நிலையத்தின் இடிபாடும். பேச்சு அவற்றையே சுற்றிச் சுற்றி வரும். அலையோடு போன குடிசை, கடைத்தெரு, அண்டை வீட்டு வாசல் எல்லாம் பேச்சில் இடம்பிடிக்காது. போதாக்குறைக்கு 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்துவிட்டது. அது இல்லாத ஊரை அதன் மேல் நின்றுகொண்டு நினைவுகூர்வது எளிதல்ல.

முதல் அமர்வை அவர் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். படமோ வரைபடமோ செல்போனோ மேசை மேல் இருக்கக் கூடாது. "அன்னிக்கு நடந்ததைச் சொல்லுங்க" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அவர் நிறுத்தினால் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அடுத்த கேள்வியை அவசரப்பட்டு வீசினால் வரவிருந்த சொல் அப்படியே நின்றுவிடும்.

அடுத்து ஒரு ஏ3 தாளும் பென்சிலும் கொடுங்கள். வீட்டு வாசலிலிருந்து வரையச் சொல்லுங்கள். கோடு அழகாக வர வேண்டியதில்லை. "நீங்க எங்க நின்னீங்க? எந்தப் பக்கம் பார்த்து?" என்பவைதான் முக்கியமான கேள்விகள். "கோயில் பக்கமாவா ஓடினீங்க?" என்று கேட்டுவிட்டால் அதற்குப் பிறகு அந்தக் கோயிலை அவர் கதையிலிருந்து எடுக்கவே முடியாது.

படங்களை இரண்டாம் அமர்வுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, "இப்போ 7ஆம் படம் காட்டுறேன்" என்று ஒலிப்பதிவில் வாய்விட்டுச் சொல்லுங்கள். இடத்துக்குப் போவது மூன்றாவது. அப்போது உறவினர் கூட்டம் வேண்டாம். மகன் ஒருவர் "அப்பா, இங்கதானே?" என்றால் போதும், அதோடு அந்தப் பதிவு கெட்டது. காற்று பலமாக இருக்கும் என்பதால் மைக்குக்குப் பஞ்சு உறை கட்டாயம்.

எழுத்துப்படியின் ஓரத்தில் ஒவ்வொரு தகவலும் எப்படி வந்தது என்று குறியுங்கள்: 'தா' என்றால் தானாகச் சொன்னது, 'வ' வரையும்போது, 'ப' படம் பார்த்து, 'இ' இடத்தில் நின்று. இந்தக் குறி இல்லாத பதிவை ஐந்து வருடம் கழித்துப் படிப்பவருக்கு, எது நினைவு, எது கண்ணெதிரே இருந்ததைப் பார்த்துச் சொன்னது என்று பிரிக்க வழியே இருக்காது.

குற்ற வழக்குகளில் வாதாடும் வழக்கறிஞர்:

சாட்சி விஷயத்திலும் இதே வரிசைதான். வாக்குமூலத்தை எழுதி முடித்த பிறகே சம்பவ இடத்துக்கு அழைத்துப் போக வேண்டும். அங்கே பலரும் கவனிக்காமல் விடுவது வெளிச்சத்தை. பல தெருக்களில் மஞ்சள் சோடியம் விளக்கு போய் வெள்ளை எல்இடி வந்துவிட்டது. சோடியம் விளக்கின் கீழ் நீலச் சட்டை கறுப்பாகத்தான் தெரியும். அன்று "கறுப்புச் சட்டை" என்றவர், இன்று அதே இடத்தில் எல்இடியின் கீழ் ஒரு நீலச் சட்டையைப் பார்த்துத் தன் சொல்லைச் சந்தேகிக்கத் தொடங்குவார். அவர் முதலில் சொன்னதில் பிழையே இல்லை. ஆகவே சம்பவத்தன்று எந்த விளக்கு எரிந்தது, கம்பம் எத்தனை அடி தூரத்தில், சாட்சி நின்றாரா உட்கார்ந்திருந்தாரா என்பதை முதல் நாளே எழுதி வையுங்கள். இடத்தைப் பார்க்கப் போவதும் அதே நேரத்தில் இருக்கட்டும். இரவு நடந்ததைப் பகல் பதினோரு மணிக்குப் போய்ப் பார்ப்பதால் லாபமில்லை, கெடுதல் உண்டு.

சந்தேகப்படுபவரைப் பலரோடு நிறுத்தி அடையாளம் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்புக்கு முன்பே சாட்சிக்குப் போட்டோ காட்டியிருந்தால் அந்த அடையாளம் காட்டுதலின் மதிப்பு குறைந்துபோகும். சாட்சி அடையாளம் கண்டது சம்பவத்தில் பார்த்த முகத்தையா, போட்டோவில் பார்த்த முகத்தையா என்று யாரால் சொல்ல முடியும்?

உளவியல் ஆசிரியர்:

இடம் நினைவைத் திறக்கும் என்பதற்கு எல்லோரும் காட்டும் சான்று 1975இல் உளவியலாளர்கள் காடனும் பேட்லியும் ஸ்காட்லாந்தில் முக்குளிப்பவர்களை வைத்துச் செய்த சோதனை. தண்ணீருக்குள் கேட்ட சொற்கள் தண்ணீருக்குள்ளும், கரையில் கேட்டவை கரையிலும் அதிகம் நினைவுக்கு வந்தன. ஆனால் 2021இல் வெளியான மறுசோதனையில் அந்த விளைவு தென்படவில்லை. அதனால் "இடத்துக்குப் போனால் எல்லாம் வந்துவிடும்" என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

இடம், அங்கே இல்லாததையும் நினைவில் சேர்க்கும் என்பதை மறக்கவே கூடாது. 1981இல் புரூவரும் டிரேயன்ஸும் 30 பேரை ஒரு பல்கலைக்கழக அலுவலக அறையில் 35 விநாடி காத்திருக்க வைத்தார்கள். பிறகு கேட்டபோது 9 பேர் புத்தகங்களைப் பார்த்ததாகச் சொன்னார்கள். அந்த அறையில் புத்தகமே இல்லை. அலுவலகம் என்றால் புத்தகம் இருக்கும் என்ற பழக்கம் அவற்றை உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டது. நம் ஊர்ப் பேட்டிகளில் திண்ணையும் கிணறும் இப்படித்தான் நுழைகின்றன. "எல்லா வீட்டிலும் திண்ணை இருந்தது" என்று ஒருவர் சொன்னால், "உங்க வீட்டுத் திண்ணைல யார் உட்காருவாங்க?" என்று கேளுங்கள். பதில் தயங்கினால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள்.

படத்தின் பலம் இன்னும் பயங்கரம். 2002இல் வெளியான ஆய்வு ஒன்றில் 20 பேருக்கு, அவர்கள் சிறுவயதில் வெப்பக்காற்று பலூனில் பறந்ததுபோல் ஒட்டிச் செய்த படத்தைக் காட்டினார்கள். மூன்று பேட்டிகள் முடிவதற்குள் பாதிப் பேர் அந்தப் பயணத்தை ஓரளவோ முழுதாகவோ நினைவுகூர்ந்தார்கள்! குடும்ப ஆல்பத்தோடு பேட்டியைத் தொடங்காதீர்கள் என்பது இதனால்தான்.

வாய்மொழி வரலாறு பதிவு செய்பவர்:

யாழ்ப்பாணத்தை விட்டு டொராண்டோ போனவர்களை எப்படி இடத்துக்கு அழைத்துப் போவது என்று கேட்டிருக்கிறார்கள். போகத் தேவையில்லை. கண்ணை மூடச் சொல்லி, வாசல்படியில் நின்று இடப்பக்கம் திரும்பினால் என்ன தெரிகிறது, வெயில் எங்கே விழுகிறது என்று மெதுவாகக் கேளுங்கள். சொற்களைப் படித்த பழைய அறையை மனதில் கொண்டுவருவது, அவற்றை நினைவுகூர அந்த அறையிலேயே இருப்பதற்குக் கிட்டத்தட்ட இணையாக உதவியதை 1979இல் உளவியலாளர் ஸ்மித் காட்டியிருக்கிறார். கூகுள் ஸ்ட்ரீட் வியூவைத் திறப்பது கடைசி அமர்வில் மட்டும். அதில் தெரிவது புதுச் சுவரும் புதுப் பெயின்டும். அவர் அதைப் பார்த்து "இது எங்க வீடு இல்லையே" என்றால், அந்த வரியையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.