டிசம்பரில் பர்மா: பத்து நாளில் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

நெய்தல்வாசி:
அனைவருக்கும் வணக்கம். வரும் டிசம்பரில் மனைவியுடனும் மாமனாருடனும் பத்து நாள் பயணமாக மியான்மர் சென்று வர எண்ணியிருக்கிறேன். யாங்கோன், பகான், மாண்டலே, இன்லே ஏரி ஆகிய நான்கையும் பார்த்துவிட வேண்டும் என்பது ஆசை. ஆனால் 2021 இராணுவப் புரட்சிக்குப் பிறகு தொடரும் உள்நாட்டுப் போரையும், 2025 மார்ச் நிலநடுக்கத்தையும் நினைத்தால் இது நடக்கக்கூடிய திட்டம்தானா என்ற ஐயம் எழுகிறது. மாமனாருக்கு எழுபது வயதாகிறது. முட்டைகூடத் தொடாத சைவர். நாங்கள் இருவரும் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே விற்கும் பர்மா நூடுல்ஸான அத்தோ சாப்பிட்டே வளர்ந்தவர்கள் என்பதால் உணவுக்காகவே அங்கே போகிறோம் என்றாலும் பொய்யில்லை. ஊர்களின் வரிசையையும் உணவையும் பற்றி விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வழிப்போக்கன்:
நான்கு ஊர் என்பது பழைய காலத்துத் திட்டம். இன்றைய நிலையில் யாங்கோன், பகான் என்ற இரண்டை மட்டும் நிதானமாகப் பாருங்கள் என்பதே என் கருத்து. 7.7 அளவிலான அந்த நிலநடுக்கத்தின் மையமே மாண்டலேக்கும் சகாயிங்கிற்கும் அருகில்தான் இருந்தது. ஐராவதியின் குறுக்கே 1934இல் கட்டப்பட்ட பழைய ஆவா பாலம் இடிந்து விழுந்தது, மாண்டலே அரண்மனையின் மதிலும் சேதமடைந்தது. இன்லே ஏரிக்கு நடுவே மரக்கால்களின் மேல் நின்ற வீடுகளும் பல சரிந்தன. சகாயிங் வட்டாரத்தில் சண்டையும் ஓயவில்லை. யாங்கோனிலிருந்து பகானுக்கு இரவுப் பேருந்தில் போகலாம் என்று பழைய பயணக்குறிப்புகள் சொல்வதைக் கேட்காதீர்கள். பகானுக்குப் பக்கத்திலுள்ள ஞாங்ஊ விமான நிலையத்துக்கு உள்நாட்டு விமானத்திலேயே செல்லுங்கள். பயணச்சீட்டு வாங்குவதற்கு முன் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் அறிவுரையைப் படித்துவிடுங்கள். காப்பீடு எடுத்தால் போரும் கலவரமும் அதில் விலக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலான காப்பீடுகளில் அப்படித்தான் இருக்கும்.

யாங்கோனில் ஷ்வேடகோனுக்கு ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். ஏறத்தாழ 99 மீட்டர் உயரமுள்ள அந்தப் பொற்கோபுரத்தின் வளாகத்தில் செருப்பு மட்டுமல்ல, காலுறைக்கும் அனுமதியில்லை. நண்பகலில் பளிங்குத் தரை பாதத்தைச் சுட்டுவிடும். கோபுரத்தைச் சுற்றிப் பிறந்த கிழமைக்கு ஒன்றாகப் புத்தர் சிலைகள் இருக்கின்றன. புதன்கிழமையை முற்பகல், பிற்பகல் என்று இரண்டாகப் பிரிப்பதால் மொத்தம் எட்டு. திங்களுக்குப் புலி, சனிக்கு நாகம் என்று ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் உருவம் உண்டு. மக்கள் தத்தம் கிழமைக்குரிய சிலைக்குக் குவளை குவளையாக நீர் ஊற்றி வணங்குவார்கள். மாமனாரிடம் பிறந்த கிழமையை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கல்வெட்டுக்காதலி:
பகானைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அங்கே சிறிதும் பெரிதுமாக 3,500க்கும் மேற்பட்ட கோயில்களும் தூபிகளும் சிதைவுகளும் உள்ளன. யுனெஸ்கோ 2019இல்தான் அவற்றை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. எல்லாவற்றையும் பார்க்க முயல்கிறவர்களுக்கு இரண்டாம் நாளே செங்கல் அலுத்துவிடும். ஆனந்தா கோயிலுக்குள் நான்கு திசைகளிலும் நிற்கும் புத்தர்களில் தெற்கே இருப்பவரை மட்டும் நேரம் எடுத்துப் பாருங்கள்: காலடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் முகம் இறுகியிருக்கும், பின்னோக்கி நடக்க நடக்க உதட்டில் முறுவல் தெரியத் தொடங்கும். பழைய நகரின் மதிலுக்குள் நாட்லாங் சாங் என்ற திருமால் கோயிலும் இருக்கிறது. மின்பகானில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று, மலைமண்டலத்து (இன்றைய கேரளம்) மகோதயர்பட்டணத்தைச் சேர்ந்த குலசேகர நம்பி என்பவர் பகானிலிருந்த நானாதேசி விண்ணகரம் என்ற திருமால் கோயிலுக்கு மண்டபமும் கதவும் நிலைவிளக்கும் கொடுத்ததைத் தமிழில் பதிவுசெய்கிறது. பல நாட்டு வணிகர்கள் கூடி நடத்திய கோயில் என்பது அதன் பெயரிலேயே தெரிகிறது. கோயில்களின் மேல் ஏறி அந்தி பார்ப்பது இப்போது தடைசெய்யப்பட்டுள்ளது. அதற்கென்று மண்மேடுகள் அமைத்திருக்கிறார்கள். முதியவருடன் மின் ஸ்கூட்டர் வேண்டாம், கார் வைத்துக்கொள்ளுங்கள்.

மொய்ங்காப்பிரியன்:
அத்தோவின் ருசியை மனத்தில் வைத்துக்கொண்டு யாங்கோனுக்குப் போகாதீர்கள். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம்மவர்கள் இங்குள்ள நாக்குக்கு ஏற்ப மாற்றிக்கொண்ட பண்டம் அது. அங்கே காலையில் மொய்ங்காக் கடையைத் தேடுங்கள். கெளுத்தி மீனும் வாழைத்தண்டும் வெந்த குழம்பை அரிசி நூடுல்ஸ் மேல் ஊற்றி, வறுத்த பருப்பு வடையையும் அவித்த முட்டையையும் கத்தரிக்கோலால் கிண்ணத்துக்குள்ளேயே வெட்டிப் போடுவார்கள். எலுமிச்சையைத் தாராளமாகப் பிழிந்துகொள்ளுங்கள். பிற்பகலில் தேநீர்க் கடை ஒன்றில் உட்கார்ந்து லப்பெத் தோக் கேளுங்கள். புளிக்கவைத்த தேயிலையும் பொரித்த பயறும் பூண்டும் எள்ளும் கலந்த அது, முதல் வாயில் கசந்தாலும் பிறகு விடாது.

நெய்தல்வாசி:
மிக்க நன்றி. மாண்டலேயையும் இன்லேயையும் இம்முறை விட்டுவிடுகிறோம். மாமனாரின் சாப்பாடு பற்றி யாரேனும் சொல்ல முடியுமா?

வழிப்போக்கன்:
அதில்தான் கவனம் வேண்டும். காய்கறிக் கறியிலும் கீரைப் பொரியலிலும்கூட மீன் சாறோ ஙப்பி என்னும் மீன் விழுதோ சேர்ந்திருக்கும். தேயிலைக் கலவையிலும் உலர்ந்த இறால் விழும். "தெத் தத் லுத்" என்று கேட்டால் உயிர்க்கொலை இல்லாத உணவு வேண்டும் என்று புரிந்துகொள்வார்கள். ஷான் இனத்தவரின் கடைகளில் கிடைக்கும் தோஹு கடலைமாவில் செய்வது என்பதால் அவருக்கு ஒத்துப்போகும். யாங்கோன் நகர மையத்தில், தமிழர்கள் எழுப்பிய ஸ்ரீ காளி கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தோசையும் சோறும் சாம்பாரும் கிடைக்கும். தங்கும் விடுதியை அந்தப் பக்கமாகவே பாருங்கள். இன்னொன்று: வெளிநாட்டு வங்கி அட்டைகளை நம்ப முடியாது. மடிப்போ கறையோ இல்லாத புதிய டாலர் தாள்களாக எடுத்துச் செல்லுங்கள். ஓரம் சற்றுக் கசங்கியிருந்தாலும் வாங்க மறுப்பார்கள்.