உதவி: இன்ரலாக்கன் – அண்டர்மாட் பாதையை மப் காட்டவில்லை

நல்லூரான்82: அவசரம். சுவிஸில் கார் வாடகைக்கு எடுத்து நாங்களே ஓடப் போகிறோம். இன்ரலாக்கனிலிருந்து கிரிம்சல், ஃபுர்கா கணவாய்களால் அண்டர்மாட், பிறகு லுகானோ. கூகுள் மப் கிரிம்சலை விட்டுவிட்டு லூசேர்ன் பக்கமாகச் சுற்றிக் காட்டுகிறது. வேறு ஃபோனிலும் அதே கதை. என்ன செய்யலாம்?

கோண்டாவில்_மணி: எந்த மாதம்?

சுன்னாகம்_சீலன்: 'டோல் வேண்டாம்' செற்றிங் ஓனில் இருக்கும். எனக்கு எப்பவும் அதுதான்.

பேர்ண்_மாமா: அந்தக் கணவாய்களில் டோலே இல்லை. நெடுஞ்சாலைக்கு வருடம் 40 பிராங்க் வினியெற் (கட்டண வில்லை), அவ்வளவுதான். தம்பி, இதை எத்தனை தரம் எழுதிவிட்டேன், தேடிப் பார்க்கப் பஞ்சியா? இரண்டும் 2,100 மீற்றருக்கு மேல். குளிர்காலம் முழுக்கப் பூட்டு. திறக்க அநேகமாக யூன் ஆகும்.

நல்லூரான்82: சித்திரை லீவுக்கு.

கோண்டாவில்_மணி: அப்ப மப் சரிதான். புரூனிக் கணவாய் 1,000 மீற்றர்தான், வருடம் முழுக்கத் திறந்திருக்கும். அதால் போய் ஏ2 நெடுஞ்சாலையைப் பிடித்தால் 17 கிலோமீற்றர் கொத்தார்ட் சுரங்கம். ஈஸ்டருக்கு முன்னால் மட்டும் போகாதீர்கள், சுரங்கத்தின் வடக்கு வாசல் கோஷெனனில் மணிக்கணக்கில் வரிசை.

ரயில்பிரியன்: கார் எதற்கு? ரயில், பஸ்ஸுக்கெல்லாம் செல்லும் சுவிஸ் டிராவல் பாஸ் எடுத்தால் 16 வயதுக்குக் கீழ் பிள்ளைகளுக்குப் பெற்றோருடன் இலவசம்.

சுன்னாகம்_சீலன்: புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு போய் நினைத்த இடத்தில் நிற்பாட்ட ரயிலில் முடியுமோ?

ரயில்பிரியன்: புட்டுச் சாப்பிடவா சுவிஸ் போகிறார்கள்?

சுன்னாகம்_சீலன்: ஓம். அங்கே கடையில் சாப்பாட்டு விலை பார்த்தால் நீங்களும் கட்டிக்கொண்டுதான் போவீர்கள்.

பேர்ண்_மாமா: சண்டையை விடுங்கோ. நல்லூரான், லைசன்ஸ் எப்படி? வலப்பக்கம் ஓடிப் பழக்கமா? பலகை இல்லாத சந்தியில் வலப்பக்கத்தால் வருபவருக்குத்தான் முதல் வழி. மலையில் நீலப் பலகையில் மஞ்சள் ஊதுகொம்பு கண்டால் அது தபால் பஸ் (ஆட்களை ஏற்றும் மஞ்சள் பஸ்) ஓடும் பாதை. வளைவுக்கு அப்பால் மூன்று சுரத்தில் ஹோர்ன் கேட்கும். பஸ்காரர் சொன்னபடி ஒதுங்க வேண்டும். தேவையென்றால் காரைப் பின்னுக்கு எடுப்பதும் நாங்கள்தான்.

கோண்டாவில்_மணி: இன்னொரு வழி, காரையே ரயிலில் ஏற்றலாம். கண்டர்ஸ்ரெக்கிலிருந்து கொப்பன்ஸ்ரைன், பிறகு ஓபர்வால்டிலிருந்து ரியால்ப். இறங்கினால் அண்டர்மாட் பக்கத்தில். காருக்குள்ளேயே இருக்கலாம்.

ரயில்பிரியன்: பார்த்தீர்களா, கடைசியில் ரயில்தான்.

சுன்னாகம்_சீலன்: புட்டும் காரோடு ஏறுகிறது.

நல்லூரான்82: காரை ரயிலில் ஏற்றலாம் என்றதும் பிள்ளைகள் துள்ளுகிறார்கள். அதுதான் முடிவு. நன்றி மணி அண்ணை.

பேர்ண்_மாமா: லைசன்ஸ் கேட்டேனே?