அமெரிக்கப் பாடகர் பில் விதர்ஸ் பாட்டோடு உங்களுக்கு நடந்த, மறக்காத ஒரு சம்பவம்?

நைட்ஷிப்ட்காரன்:
'எய்ன்ட் நோ சன்ஷைன்' எல்லோருக்கும் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாம் ஷிப்ட், கேன்டீன், டீ நேரம். என் போனில்தான் பாட்டு. நடுவில் 'ஐ நோ, ஐ நோ' என்று ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. போன் சிக்கிவிட்டது என்று தட்டினேன், பாட்டு நின்றுபோனது. எதிரே கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த வெல்டர் அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அது 26 முறை வரும் என்று அப்புறம்தான் தெரிந்தது.

மெதுவாப்பேசு:
எனக்குத் திக்கும். விதர்ஸும் திக்கியவர்தான். 1972 கார்னகி ஹால் கச்சேரிப் பதிவில் 'கிராண்ட்மாஸ் ஹேண்ட்ஸ்' பாடுவதற்கு முன்னால் பாட்டியைப் பற்றிச் சாவகாசமாகக் கதை சொல்வாரே, பஸ்ஸில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கண்டக்டர் வந்துவிட்டார். என் ஊர்ப் பேர் 'ப'வில் ஆரம்பிக்கும், அந்த எழுத்து எனக்கு எமன். எப்போதும் அடுத்த ஸ்டாப் பேரைச் சொல்லி, கூடக் காசு கொடுத்துவிடுவேன். அன்று 'ப... ப...' என்று இழுத்து, சொந்த ஊருக்கே டிக்கெட் வாங்கினேன்.

தட்டுப்பைத்தியம்:
முதல் பதிவருக்கு: 26 முறையில் மர்மம் ஒன்றும் இல்லை. அந்த இடத்துக்கு வரிகள் எழுதுவதாகத்தான் இருந்தார். ஸ்டுடியோவில் இருந்தவர்கள்தான் அப்படியே விடச் சொன்னார்கள். என் கதை சின்னது. 'லவ்லி டே' கடைசியில் 18 விநாடி இழுப்பாரே, பைக்கில் கூடவே இழுத்துப் பார்த்தேன். சிக்னலில் இருமல் வந்து, டிராபிக் போலீஸ்காரர் தண்ணீர் கொடுத்தார். அவ்வளவுதான்.
ஆனால் தம்பி, பாட்டு பாட்டு என்று ஆலை வேலையை விட்டுவிடாதீர்கள். விதர்ஸ் விமானக் கழிப்பறை செய்யும் தொழிற்சாலையில் இருந்தவர். 1971-இல் முதல் ஆல்பம் வரும்போதும் வேலையை விடவில்லை. அட்டைப்படமே மதிய இடைவேளையில், கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு ஆலையில் எடுத்ததுதான். இந்தத் தொழில் எப்போது கைவிடும் என்று சொல்ல முடியாது என்பது அவருக்குத் தெரியும். 1985-க்குப் பிறகு, 2020-இல் இறக்கும்வரை புது ஆல்பமே போடவில்லை, பாருங்கள். பி.எஃப். நாமினி பேரையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நைட்ஷிப்ட்காரன்:
அண்ணே, வேலையை விடுகிறேன் என்று நான் எங்கே சொன்னேன்?
வெல்டர் அண்ணன் முதல் ஷிப்டுக்கு மாறிவிட்டார். காலை ஆறு மணிக்கு கேட்டில் எதிர்ப்படுவார், தலையாட்டுவார். அந்தப் பாட்டைப் பற்றி இன்னும் கேட்கவில்லை.