பிளாக் டைம்: ‘நிலைசேர் நேரம்’ என்று வைக்கலாமா?

வணக்கம் நண்பர்களே, விமானப் பயணச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் பட்டியலில் இப்போது ‘பிளாக் டைம்’ (block time). அதைப் பற்றி வந்த ஒரு கேள்வி:

> பயணச்சீட்டில் போடும் நேரத்துக்குப் ‘பறப்பு நேரம்’ போதுமே, எதற்குப் புதுச்சொல்?

போதாது ஐயா. சீட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டும் இல்லை. சக்கரத்துக்கு அண்டை கொடுத்திருக்கும் கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து, ஓடுபாதை வரை ஊர்ந்து, பறந்து, இறங்கி, மறுபடி ஊர்ந்து, போய்ச் சேர்ந்த ஊரில் நிறுத்தித் திரும்பக் கட்டை வைக்கும் வரை உள்ள மொத்தமும் அதில் அடக்கம், அதைத்தான் பிளாக் டைம் என்கிறார்கள். தரையை விட்டு எழுந்து தரையைத் தொடும் வரை உள்ளதற்கு மட்டும் ‘பறப்பு நேரம்’ இருக்கட்டும்.

‘கட்டை நேரம்’ என்றும் ஒரு பரிந்துரை வந்தது. பொருள் சரிதான், ஆனால் ‘கட்டையில போறவனே’ என்பது வசவு, விமானம் ஏறப்போகிறவரிடம் அந்தச் சொல் வேண்டாம்.

நம்மிடம் தேர் இருக்கிறது. நிலையிலிருந்து கிளம்பும், வழியில் முட்டுக்கட்டை போட்டு நிறுத்துவார்கள், திருப்புவார்கள், எவ்வளவு நேரமானாலும் கடைசியில் ‘தேர் நிலை சேர்ந்தது’ என்றால்தான் கணக்கு முடியும். அதனால் ‘நிலைசேர் நேரம்’ என் பரிந்துரை. ‘நிலைநேரம்’ என்று சுருக்கினால் சும்மா நிற்கும் நேரம் என்று படும்.

தொலைவுக்குப் ‘பெருவட்டத் தொலைவு’ (உருண்டையான பூமியின் மேல் இரண்டு ஊருக்கு இடையே உள்ள மிகக் குறுகிய தொலைவு) ஏற்கெனவே நன்றாக இருக்கிறது. பெங்களூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு அது கிட்டத்தட்ட 14,000 கிலோமீட்டர். தட்டையான வரைபடத்தில் பசிபிக் கடலைக் குறுக்கே வெட்டுவதுதான் நேர்வழி போலத் தெரியும், உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தால் அது வடக்கே 70 பாகையையும் தாண்டி ஏறி இறங்கும். ஆனால் விமானம் அந்த நூலிலேயே போவதில்லை, காற்றைப் பார்த்து வழி மாறும். மேலே மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வேகக்காற்றால் ஒரே தொலைவுக்குப் போகும் நேரமும் வரும் நேரமும் வேறாகிவிடும். எனவே தொலைவையும் நேரத்தையும் ஒரே சொல்லில் அடக்கப் பார்க்கக் கூடாது.

கடிகாரக் கணக்கு இன்னொரு சிக்கல். 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் பெண் விமானிகள் வட துருவத்தின் மேலாக ஓட்டி வந்த முதல் விமானம் 9ஆம் தேதி இரவு சான் பிரான்சிஸ்கோவில் கிளம்பி 11ஆம் தேதி விடிகாலை பெங்களூரில் இறங்கியது. தேதியைப் பார்த்தால் இரண்டு இரவு ஓடியது போல இருக்கும், உண்மையில் பயணம் 17 மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். மிச்சம் பதின்மூன்றரை மணி நேர வேறுபாடு. இதற்கு ‘நேர வேறுபாடு’ போதும், புதிதாக எதுவும் வேண்டாம்.

அப்புறம், கிருஷ்ணகிரியிலிருந்து கிளம்புகிற நமக்கு ஓசூர், எலெக்ட்ரானிக் சிட்டி நெரிசலைத் தாண்டி பெங்களூருக்கு அந்தப் பக்கம் விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி வரை போகும் நேரமும் உண்டு. அதை ‘வீட்டுக்கு வீடு நேரம்’ என்று தனியே பட்டியலில் சேர்க்கலாம். ‘நிலைசேர்’ வினைத்தொகையாக நிற்பதில் யாருக்காவது மறுப்பு இருந்தால் இலக்கணக் காரணத்தோடு எழுதுங்கள், இறுதிப் பட்டியலுக்கு முன் பேசிவிடுவோம்.